சாப்பாட்டுக் கடையும் ஓர் அமானிதமே!

எல்லாப் புகழும் அகில உலகங்களையும் படைத்து, உணவளித்துப் பரிபாலித்து வரும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



விழுப்புரம் ரயில் சந்திப்பில் இறங்கி ஏறியவர்களுக்குத் தெரியும். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் அங்கிருந்து தண்டவாளம் பிரிகிறது. திண்டிவனமும் அப்படித்தான். சென்னையிலிருந்து வரும் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு வழியும், செஞ்சி, திருவண்ணாமலைக்கு ஒரு வழியும் அங்கே பிரிகின்றன. வழிகள் கூடுகிற இடத்தில் பசியும் கூடும். ஆகவே, இந்த இரண்டு ஊர்களிலும் பஸ் நிலையத்தைச் சுற்றிச் சிறு சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நாலு மேஜை, எட்டுப் பெஞ்சு, வாசலில் பரோட்டாக் கல், கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு கஅபா படம். நம்மவர்கள் நடத்தும் கடை பெரும்பாலும் இவ்வளவுதான். 'பாய் கடை' என்று சொல்லி மாற்று மதத்துச் சகோதரர்களும் அங்கே வந்து உட்காருகிறார்கள்.

யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். லாரி ஓட்டுபவர் வருகிறார். கரும்பு வெட்டிக் கூலி வாங்கியவர் வருகிறார். முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளியைச் சேர்த்துவிட்டு, இரவெல்லாம் விழித்திருந்த தாய் ஒருத்தி விழுப்புரத்துக்கு வந்து நாலு இட்டிலி பார்சல் கேட்கிறாள். இவர்களில் எவருக்கும் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. கடைக்காரருக்கோ, சாப்பிட உட்கார்ந்தவரின் சட்டைப் பையில் பணம் இருக்கிறதா, மனத்தில் நாணயம் இருக்கிறதா என்று தெரியாது. ஒருவரை ஒருவர் நம்பித்தான் அங்கே இலை விரிக்கப்படுகிறது. அடுப்படியையும் சட்டைப் பையையும் ஒருங்கே பார்த்துக் கொண்டிருப்பவன் அல்லாஹ் ஒருவனே.

நம்பி ஒப்படைக்கப்படுகிற பொருளுக்கு அமானிதம் என்று பெயர். நகையையும் பணத்தையும் மட்டுமே அமானிதம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஒரு மனிதன் தன் வயிற்றை நம்மிடம் ஒப்படைத்தால் அதுவும் அமானிதம்தான். அதைப் பற்றி இங்கே சற்றுச் சிந்திப்போம்.

ஹலாலும் தய்யிபும்

அல்லாஹுத்தஆலா தன் திருமறையின் 2-வது அத்தியாயம் 168-வது வசனத்தில், பூமியில் உள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு மனித குலம் முழுவதையும் அழைத்துச் சொல்கிறான். முஃமின்களை மட்டும் அழைக்கவில்லை. மனிதர்கள் அனைவரையும் அழைக்கிறான். ஹலால் என்றால் மார்க்கத்தில் ஆகுமானது. தய்யிப் என்றால் நல்லது, தூய்மையானது, கெடாதது. இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்லியிருக்கிறான்.

நம்மில் பலர் முதல் சொல்லோடு நின்று விடுகிறோம். ஆடு முறைப்படி அறுக்கப்பட்டதா என்று விசாரிக்கிறோம். நல்ல காரியம், விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆட்டுக்கறி நேற்றுச் சமைத்ததா, முந்தாநாள் சமைத்ததா? பொரித்த எண்ணெய் எத்தனை நாளாய்ச் சட்டியில் கிடக்கிறது? குடிக்கும் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வந்தது? இவையெல்லாம் தய்யிப் என்ற சொல்லுக்குள் வருகிற கேள்விகள். முறைப்படி அறுத்த கறியை ஊசிப் போகவிட்டுப் பரிமாறுகிறவர், அல்லாஹ் சொன்ன இரண்டில் ஒன்றைக் கைவிட்டு விட்டார்.

அறுக்கிற இடத்திலும் இன்று கவனக்குறைவு பெருகி விட்டது. குறிப்பாகக் கோழிக் கடைகளில் கூட்டம் நெருக்கும்போது, அறுத்த கோழியின் உயிர் அடங்குவதற்கு முன்பே அதை வெந்நீரில் முக்கி விடுவதும், இறகு பிடுங்கும் எந்திரத்தில் போட்டு விடுவதும் நடக்கின்றன. அறுப்பவரின் வாயில் பிஸ்மி வருகிறதா, பக்கத்தில் நிற்பவரோடு ஊர்க்கதை வருகிறதா என்று கவனிப்பார் இல்லை. ஹனஃபி மத்ஹபில், பிஸ்மியை வேண்டுமென்றே விட்டு அறுத்தால் அந்தப் பிராணி ஆகாது. மறந்து விட்டால் ஆகும். ஷாஃபிஈ மத்ஹபில் பிஸ்மி சொல்வது சுன்னத்து. எந்த மத்ஹபில் இருந்தாலும், உயிருள்ள ஒன்றை அதன் ரப்பின் பெயரால் அறுக்கிறோம் என்ற உணர்வு வேண்டாமா? கடைக்குக் கறி வாங்கும் ஓட்டல்காரர், எடையைப் பார்ப்பது போல இதையும் ஒரு கண் பார்ப்பது அவர் மீதுள்ள பொறுப்பு. வாடிக்கைக்காரர் அனைவர் சார்பிலும் அவர் ஒருவர்தானே அங்கே போய் நிற்கிறார்!

அடுப்படியில் நிற்பவர்களுக்கு

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். அதனுள்ளே தங்கள் திருக்கரத்தை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டபோது, மழை நனைத்து விட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் செய்தி.

சகோதரர்களே! சிந்தித்துப் பாருங்கள். அந்த வியாபாரி மழையை வரவழைக்கவில்லை. நனைந்தது அவர் குற்றமும் அல்ல. நனைந்ததை அடியில் மறைத்ததுதான் குற்றம். நேற்றைய சால்னாவில் இன்று புதிதாக வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி மேலே எண்ணெய் மிதக்க விடுகிறவர், ஈரத்தை அடியில் வைத்தவருக்குச் சமமில்லையா? ஆட்டுக்கறி என்று பெயர்ப்பலகையில் எழுதி வேறு கறியைக் கலப்பவரைப் பற்றி என்ன சொல்வது!

இன்றைய அரசாங்கச் சட்டமும் இதில் நமக்கு உதவியாக நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெட்டிக் கடை அளவுள்ள சாப்பாட்டுக் கடையும் பதிவு பெற்றாக வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால், அந்த எண்ணெயை மறுபடி சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. சமைத்த கறியும் குழம்பும் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மணிக்கணக்கில் கிடந்தால் நோய்க் கிருமிகள் பெருகுகின்றன. தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து அதில் சூடான சாப்பாட்டைப் போடுவதைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி முதல் தடை செய்திருக்கிறது. நம் வாழையிலை இருக்கும்போது அந்தத் தாள் எதற்கு?

அதிகாரி வருகிற நாளில் மட்டும் அடுப்படியைக் கழுவி விடுகிறவர் அதிகாரிக்கு அஞ்சுகிறார். அதிகாரி வராத நாளிலும் கழுவுகிறவர் அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறார். சுவரில் 786 என்று எழுதி மாட்டுவதாலோ, கஅபா படத்துக்கு விளக்குப் போடுவதாலோ கடை இஸ்லாமியக் கடை ஆகிவிடாது. அந்தப் படத்தைப் பார்த்து நம்பி உள்ளே வருகிறவருக்கு நாம் செய்கிற துரோகம், படம் இல்லாத கடையில் செய்கிற துரோகத்தைவிடக் கனமானது. ஏனென்றால் நாம் தீனின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறோம். மாற்று மதத்துச் சகோதரர் ஒருவர் நம் கடையில் சாப்பிட்டு வயிற்று நோயில் படுத்தால், அவர் குறை சொல்வது அந்தக் கடைக்காரரை மட்டும்தானா?

இரவு கடை அடைக்கும்போது மிஞ்சுகிற சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடு ஆறுவதற்கு முன்பே ஏழை எளியவருக்குக் கொடுத்தால் அது ஸதகா. வைத்து வைத்து, மறுநாள் வாடை வந்த பிறகு பிச்சைக்காரர் கையில் போட்டால் அது ஸதகா அல்ல. நமக்கே கொடுத்தால் கண்ணை மூடிக் கொண்டல்லாமல் வாங்க மாட்டோம் என்கிற மட்டமான பொருளைத் தர்மம் கொடுக்க நாடாதீர்கள் என்ற கருத்தைத் திருமறை 2-வது அத்தியாயம் 267-வது வசனத்தில் காணலாம்.

வழிப்போக்கரின் பசி

பஸ் பத்து நிமிடம் நிற்கும். அதற்குள் சாப்பிட்டாக வேண்டும். விலைப்பட்டியல் இல்லை, இருந்தாலும் படிக்க நேரமில்லை. மறுபடி இந்தக் கடைக்கு வருவாரா என்பதும் நிச்சயமில்லை. நெடுஞ்சாலைக் கடைக்காரருக்கு ஷைத்தான் வஸ்வாஸ் போடுவது இந்த இடத்தில்தான். வாடிக்கைக்காரருக்கு ஒரு விலை, வழிப்போக்கருக்கு ஒரு விலை. வண்டியை நிறுத்திக் கொடுத்தவருக்கு இலவசச் சாப்பாடு; அந்தச் செலவும் பயணிகளின் தலையில்.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் வெளியூர் வணிகக் கூட்டம் வரும்போது, அவர்கள் சந்தைக்கு வந்து விலை நிலவரம் அறிவதற்கு முன்பே ஊருக்கு வெளியே போய் வழிமறித்து வாங்குகிற வழக்கம் இருந்தது. அதை நாயகம் அவர்கள் தடுத்து விட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது வருகிறது. ஊருக்குப் புதியவரின் அறியாமையை ஆதாயமாக்கிக் கொள்ளக் கூடாது என்பதே அந்தத் தடையில் நமக்குள்ள படிப்பினை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் விக்கிரவாண்டிப் பக்கம் வண்டியை நிறுத்துகிற வழிப்போக்கரும் ஊருக்குப் புதியவர்தான். விலையைப் பெரிய எழுத்தில் வாசலில் எழுதி மாட்டிவிட்டால் அல்லாஹ்விடம் பதில் சொல்வது எளிதாகி விடும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தான் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடுதான் என்று 83-வது அத்தியாயம் தொடங்குகிறது. கறிக்கடையில் எலும்பைக் கழித்துப் போடச் சொல்லி வாதாடி வாங்கிவிட்டு, பிரியாணியில் எலும்பாகப் பார்த்து வைக்கிற கை அந்த வசனத்தை நினைத்து நடுங்க வேண்டும்.

பரிமாறும் பிள்ளைகள்

ஒரு காலத்தில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் மேஜை துடைக்க ஒரு சிறு பையன் இருப்பான். ஓட்டல்களிலும் தேநீர்க் கடைகளிலும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. 2016-இல் அந்தச் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. 'ஏழை வீட்டுப் பிள்ளை, இரக்கப்பட்டு வைத்திருக்கிறேன்' என்று இன்னும் சொல்பவர் இருந்தால் அவருக்கு ஒன்று சொல்வோம். இரக்கம் உண்மையானால் அந்தப் பிள்ளையின் கையில் மேஜைத் துணிக்குப் பதில் புத்தகப் பையைக் கொடுங்கள். பள்ளிச் சம்பளத்துக்கு உங்கள் ஜகாத்து இருக்கிறது.

பெரியவர்களாகிய தொழிலாளர்களின் ஹக்கும் இருக்கிறது. பணியாளர் உணவு கொண்டு வந்தால் அவரைத் தம்முடன் உட்கார வைத்துக் கொள்ளட்டும். இல்லையேல் ஒரு கவளம், இரு கவளமாவது கொடுக்கட்டும். அதன் சூட்டையும் பாட்டையும் சுமந்தவர் அவரல்லவா என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது புகாரியில் இருக்கிறது. என்ன அழகான காரணம் பாருங்கள்! சித்திரை மாத வெயிலில் பரோட்டாக் கல்லின் முன்னால் நிற்கிற மாஸ்டரின் முதுகைப் பார்த்தவர்களுக்கு இந்த ஹதீஸின் பொருள் உடனே விளங்கும். ஊருக்கெல்லாம் சுடச்சுடப் போட்டுவிட்டு, கடைசியில் மிஞ்சிய ஆறிப் போனதை அவர் சாப்பிடுவது நீதியா? வியர்வை உலரும் முன் கூலி கொடுங்கள் என்று சொன்ன உத்தம நபியின் உம்மத்துகள் நாம்.

சாப்பிட உட்காருகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. சப்ளையர் தண்ணீர் வைக்கச் சற்றுத் தாமதித்தால், 'டேய்' என்று நம் வீட்டுப் பிள்ளையைக்கூடக் கூப்பிடாத குரலில் கூப்பிடுகிறோம். ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயதிலிருந்து பத்தாண்டு காலம் நாயகம் அவர்களுக்குப் பணிவிடை செய்தவர்கள். அந்தப் பத்தாண்டில் ஒருமுறைகூடத் தம்மை நோக்கி 'சீ' என்று நாயகம் சொன்னதில்லை என்று அவர்களே சாட்சி கூறியிருக்கிறார்கள். பத்து நிமிடம் பணிவிடை செய்கிறவரிடம் நம் நாக்கு எத்தனை முறை தடம் புரள்கிறது என்று எண்ணிப் பார்ப்போம்.

பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு

இனிச் சாப்பிடுகிறவரின் அதபு. நாயகம் அவர்களின் வளர்ப்பில் இருந்த உமர் இப்னு அபீஸலமா (ரலி) என்ற சிறுவரின் கை சாப்பாட்டுத் தட்டில் அங்குமிங்கும் அலைந்தது. அன்போடு அவரை அழைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் சாப்பிடவும், தமக்கு முன்னால் இருப்பதிலிருந்து எடுத்துச் சாப்பிடவும் கற்றுக் கொடுத்தார்கள். நம் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் இந்த மூன்றையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கடைக்குப் போனதும் பிள்ளைகளும் மறந்து விடுகிறார்கள், பெரியவர்களும் மறந்து விடுகிறார்கள். கையில் செல்போன், கண் அதிலே, வாயில் கவளம். பிஸ்மிக்கு இடமேது?

கடையில் பலர் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். பக்கத்தில் இருப்பவர் யாரோ, எந்த மதத்தவரோ. ஒருவர் எழுந்து போகக் காத்திருந்து உட்காருகிற நெருக்கடி. அங்கே சற்று ஒதுங்கி இடம் கொடுப்பது ஒரு நன்மை. இருவர் உணவு மூவருக்குப் போதும், மூவர் உணவு நால்வருக்குப் போதும் என்று நாயகம் சொன்னது, கையிலிருப்பதைப் பங்கிட மனம் வேண்டும் என்பதற்காகத்தான். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தட்டு வாங்கிச் சாப்பிடும்போது கறித்துண்டை முந்திக் கொண்டு எடுப்பவர்களைப் பார்க்கிறோம். உடனிருப்பவரின் அனுமதியின்றி இரண்டு பேரீச்சம்பழத்தை ஒன்றாக எடுப்பதைக்கூட நாயகம் அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

உப்புக் குறைந்தால் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். ஆனால் கடை முழுவதும் கேட்கும்படி சாப்பாட்டைத் திட்டுவது நம் வழியல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விருப்பமில்லையெனில் விட்டுவிடுவார்கள். கெட்டுப்போன உணவை மறைத்துக் கொடுத்தால் அது வேறு விஷயம். அதை எடுத்துச் சொல்வது, அடுத்து வருபவரைக் காப்பாற்றுகிற கடமை. ருசி குறைவு வேறு, மோசடி வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

தட்டில் மீதி வைப்பதைக் கௌரவமாக நினைப்பவர்கள் பெருகி விட்டார்கள். எந்தக் கவளத்தில் பரக்கத்து இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆகவே தட்டை வழித்து உண்ணவும், கீழே விழுந்த கவளத்தைத் துடைத்து உண்ணவும் கற்றுத் தந்தது நம் மார்க்கம். ஒருநாள் பசியோடு வெளியே வந்த நாயகமும், அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இரு தோழர்களும் ஓர் அன்சாரி வீட்டில் பேரீச்சம்பழமும் கறியும் உண்டு தண்ணீர் குடித்தார்கள். பசி தீர்ந்ததும், இந்த நிஃமத்தைப் பற்றிக் கியாமத்து நாளில் விசாரிக்கப்படுவீர்கள் என்று நாயகம் அவர்கள் நினைவூட்டினார்கள். பசித்த வயிற்றோடு வந்தவர்களுக்கே அந்த விசாரணை என்றால், பசியில்லாமல் ருசிக்காக இரண்டாவது தட்டுக் கேட்கிற நம் நிலை என்ன?

பாக்கி நோட்டு

சிறு கடைகளில் இன்னும் ஒரு பாக்கி நோட்டு இருக்கும். மாதச் சம்பளக்காரர், கல்லூரி மாணவர், பக்கத்துப் பட்டறைத் தொழிலாளி என்று நம்பிக் கொடுத்த கணக்கு அது. சிலர் கணக்கு ஏறியதும் அந்தத் தெருவில் நடப்பதையே நிறுத்தி விடுகிறார்கள். அடுத்த தெருவில் வேறு கடை, வேறு நோட்டு. சிலர் மூன்று பரோட்டா சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் இரண்டு என்கிறார்கள். பஸ் புறப்படுகிற சந்தடியில் பில்லை மேஜையில் விட்டு நழுவுகிறவர்களும் உண்டு.

கடனை விட்டுச் சென்ற ஒருவரின் ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது, தாம் தொழவைக்காமல், உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுது கொள்ளுங்கள் என்று நாயகம் அவர்கள் ஒதுங்கினார்கள். அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்று அபூகதாதா (ரலி) அவர்கள் ஏற்றுக் கொண்ட பிறகுதான் தொழவைத்தார்கள். அது சில தீனார்களே. நம் பாக்கி நோட்டிலும் சில நூறு ரூபாய்தான் இருக்கும். தொகை சிறிதென்று அலட்சியம் செய்யாதீர்கள். அந்தச் சிறு தொகைதான் நாலு மேஜைக் கடையின் மறுநாள் அரிசி. ஊரை விட்டு வந்துவிட்டவர்கள்கூட, படித்த காலத்தில் நின்றுபோன பாக்கியைத் தேடிப்போய்க் கொடுத்து ஹலாலாக்கிக் கொள்ளட்டும்.

உண்ட பிறகு தெரிந்தாலும் விடாத பேணுதல் ஒன்று இருந்தது. ஹழ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களின் பணியாள் கொண்டு வந்த உணவை அவர்கள் உண்டுவிட்டார்கள். அது தாம் அறியாமைக் காலத்தில் குறி சொன்னதற்கான கூலி என்று அவர் பிறகு சொன்னார். உடனே வாயில் கைவிட்டு வயிற்றிலிருந்த அனைத்தையும் வாந்தி எடுத்துவிட்டார்கள். நீண்ட பயணத்தில் புழுதி படிந்து, தலை கலைந்து, வானை நோக்கிக் கையேந்துகிற ஒரு மனிதரைப் பற்றியும் ஹதீஸில் வருகிறது. பயணியின் துஆ ஏற்கப்படும் என்பதுதான் பொதுவான நன்மாராயம். ஆனால் இவருடைய உணவும் பானமும் உடையும் ஹராம். அப்படியிருக்க, எப்படி ஏற்கப்படும் என்று நாயகம் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதழுது துஆ கேட்கிறோமே, அந்தத் துஆவின் வழியை நாம் ஏமாற்றிச் சாப்பிட்ட ஒரு பரோட்டா அடைத்துவிடலாமா?

கடல் கடந்த பிள்ளைகளுக்கு

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். பாய் கடை இல்லாத ஊரில் என்ன சாப்பிடுவது என்பது அவர்களுடைய அன்றாடக் கேள்வி. ஓர் உதாரணம் சொல்கிறோம். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர் என்று ஒரு சிறு நாடு இருக்கிறது. அங்கே 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது ஏராளமான மக்கள் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ், வாஷிங்டன் போன்ற நகரங்களில் குடும்பமாகச் சேர்ந்து சிறு சாப்பாட்டுக் கடைகள் வைத்தார்கள். 'புபூசா' என்பது அவர்கள் பதார்த்தம். மக்காச்சோள மாவை நம் போளியைப் போலக் கையால் தட்டி, உள்ளே அவரைப் பருப்பு மசியலோ பாலாடைக்கட்டியோ இறைச்சியோ வைத்து மூடிக் கல்லில் சுடுவார்கள். மேலே புளிப்பேறிய முட்டைக்கோசு வைத்துக் கையாலேயே சாப்பிடுவார்கள். விலையும் அதிகமில்லை. 2005-இல் அந்நாட்டு மன்றம் இதைத் தேசிய உணவாகவே அறிவித்தது.

நம் பிள்ளைக்கு அந்தக் கடை ஊர் ஞாபகத்தைத் தரும். கையால் தட்டும் மாவு, சுடச்சுடக் கல், குடும்பமே வேலை செய்கிற அடுப்படி. ஆனால் கலப்பு வகையில் பன்றி இறைச்சி இருக்கும். அவரைப் பருப்பு மசியலைத்தானே கேட்கிறோம் என்று உட்கார்ந்தால், அதைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கிற வழக்கமும் உண்டு. எல்லா வகையும் ஒரே கல்லில் சுடப்படலாம். ஆகவே விசாரித்தே ஆக வேண்டும். ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இடையிலே சந்தேகமானவை உள்ளன. அவற்றைத் தவிர்த்தவர் தம் தீனையும் மானத்தையும் காத்துக் கொண்டார் என்பது நாயக வாக்கு.

விசாரிக்கிற விதத்திலும் அதபு வேண்டும். வீடிழந்து வந்து உழைத்துப் பிழைக்கும் அந்த மக்களிடம் முகம் சுளித்துக் கேட்கக் கூடாது. 'எங்கள் மார்க்கத்தில் பன்றி ஆகாது. எண்ணெயில் செய்ததா, கொழுப்பில் செய்ததா? தனிச் சட்டியில் சுட்டுத் தர முடியுமா?' என்று சிரித்த முகத்தோடு கேட்டால் எந்த ஏழைக் கடைக்காரரும் உண்மையைச் சொல்வார். முடியாதென்றால் நன்றி சொல்லி எழுந்து விடலாம். அந்த ஒரு கேள்வியே அவருக்கு இஸ்லாத்தின் அறிமுகமாக அமைந்து விடலாம்.

சில மஸ்அலாக்கள்

1. முஸ்லிம் ஒருவர் தம் கடையில் ஹலால் கறி என்று சொன்னால் அவருடைய சொல்லை ஏற்று உண்ணலாம். காரணமில்லாமல் துருவித் துருவிக் கேட்பது முஸ்லிமைச் சந்தேகிப்பதாகும். புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய மக்கள் கொண்டு வரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் சொல்லப்பட்டதோ இல்லையோ என்று கேட்கப்பட்டபோது, நீங்கள் அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ணுங்கள் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஆனால் தவறு நடப்பதற்கான தெளிவான அடையாளம் தெரிந்தால் கண்ணை மூடிக் கொள்ளக் கூடாது.

2. மாற்று மதத்தவர் கடையில் இட்டிலி, தோசை, சோறு போன்றவற்றை, ஹராமான பொருளோ நஜீஸோ கலக்காதவரை தாராளமாக உண்ணலாம்.

3. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். நம் உலமாக்கள் ஸஃபருக்குச் சுமார் 48 மைல், அதாவது 77 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். எனவே விழுப்புரத்துக்காரர் திண்டிவனம் போய் வருவதற்காகத் தொழுகையைச் சுருக்கவோ, நோன்பை விடவோ முடியாது. சென்னை வரை போகிறவருக்குச் சலுகை உண்டு.

4. ரமலான் பகலில் திரை போட்டுக் கடை நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். முஸாஃபிருக்கும் நோயாளிக்கும் உண்ண அனுமதி இருக்கிறது. நோன்பு கடமையான ஆரோக்கியமான உள்ளூர் முஸ்லிமுக்குத் திரைக்குள்ளே தட்டு வைப்பது பாவத்துக்குத் துணைபோவதாகும். திரை மனிதர் கண்ணுக்குத்தான், அல்லாஹ்வுக்கு அல்ல.

5. தொடக்கத்தில் பிஸ்மி சொல்ல மறந்தவர் நினைவு வந்ததும், முதலுக்கும் முடிவுக்கும் சேர்த்துப் பிஸ்மி சொல்லிக் கொள்ளட்டும்.

வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கு

பார்சல் வாங்கி வருவது இன்று எல்லா வீட்டிலும் வழக்கமாகி விட்டது. தவறில்லை. ஆனால் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்ததும் மணம் சுவரைத் தாண்டுகிறது. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி வைத்து அண்டை வீட்டாரை நினைத்துப் பார் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் அவர்கள் சொன்ன அறிவுரை பார்சலுக்கும் பொருந்தும். ஒரு சிறு கிண்ணம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகட்டும். அந்த வீடு எந்த மதத்து வீடாக இருந்தால் என்ன?

சகோதரர்களே! மஸ்ஜிதில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதை மஸ்ஜிதுக்கு வருகிறவர்தான் பார்க்கிறார். சாப்பாட்டுக் கடையில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதை உலகமே பார்க்கிறது. கல்லாப்பெட்டியின் இந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் நின்றாலும் நாம் நாயகத்தின் உம்மத்து. ஆகவே கடை நடத்துகிறவர் நாளைக் காலையில் எண்ணெய்ச் சட்டியை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். சாப்பிடுகிறவர் தமக்கு எந்தக் கடையில் பாக்கி நிற்கிறது என்று இன்றிரவே நினைத்துப் பார்க்கட்டும். பரிமாறியவரின் பெயரைக் கேட்டு, அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, முகமலர்ந்து எழுந்து வருவோம்.

யா அல்லாஹ்! எங்கள் உணவை ஹலாலும் தய்யிபுமாக ஆக்கி வைப்பாயாக! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்தும், எங்கள் கொடுக்கல் வாங்கலில் நாணயமும் தருவாயாக! அடுப்படியில் வேகின்ற கைகளுக்கு உன் அருள் நிழலைத் தருவாயாக! வழியிலும் ஆஸ்பத்திரியிலும் பசித்திருப்போரின் பசியைத் தீர்ப்பாயாக! எங்கள் துஆக்களை ஏற்றுக் கொள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!